தேதி இல்லாமல் வரும் நினைவு: ஃபிளாஷ்பேக்கோடு முதன்முதலாக மல்லுக்கட்டுகிறவர்களுக்கு

ஃபிளாஷ்பேக் என்றால் நமக்குத் தெரிந்தது சினிமாதான். முகம் மங்கும், கொசுவர்த்திச் சுருள் சுழலும், கதை பின்னால் போகும். நிஜத்தில் வருவதற்குச் சுருளும் கிடையாது, முன்னறிவிப்பும் கிடையாது. கூட்டத்தில் உட்கார்ந்து யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அடுத்த நொடி நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

எனக்கு நடந்தது இரவில் ஒரு வாகன விபத்து. கவிழ்ந்த காருக்குள் சீட் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தேன். உடம்பில் பட்ட காயம் ஆறு வாரத்தில் ஆறிவிட்டது. மற்றதற்குச் சரியான ஆளிடம் போய்ச் சேர 14 மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் வீண் அலைச்சல், தெரியாமல் செய்த தப்பு, கேட்கக் கூடாதவரிடம் கேட்ட யோசனை. அந்தப் பாதியை நீங்கள் மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்களுக்கு என்ன சிகிச்சை என்பதை உங்களைப் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறது, அல்லது உங்களைக் காயப்படுத்திய ஆள் இன்னும் அதே வீட்டில் இருக்கிறார் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே விட்டுவிடுங்கள். இன்றே, இப்போதே அவசர உதவியைக் கூப்பிடுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

1. வருவது எது என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாவற்றையும் 'பழைய ஞாபகம் வருது' என்று ஒரே மூட்டையாகக் கட்டிச் சொன்னதால்தான் நான் சொன்னது எந்த டாக்டருக்கும் விளங்கவில்லை.

வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒரு காட்சியோ சத்தமோ கூப்பிடாமல் உள்ளே நுழைகிறது. வலிக்கிறது, ஆனால் அது முடிந்துபோன விஷயம் என்று உங்களுக்குத் தெரிகிறது. இது வேண்டாத நினைவு. அந்தத் தெளிவு போய், இப்போதே மறுபடி நடக்கிறது என்று உடம்பும் மனசும் நம்பிவிட்டால் அது ஃபிளாஷ்பேக். சில நொடிகளில் முடியலாம், நிமிடக்கணக்கில் நீளலாம். சுற்றியிருப்பது பாதி தெரிந்துகொண்டிருக்க, பாதி அங்கே போயிருப்பதும் உண்டு.

கண்டுபிடிக்கக் கஷ்டமானது மூன்றாவது வகை: உடம்புக்கு மட்டும் வருவது. படம் எதுவும் ஓடாது. காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும், குமட்டும், எப்போதோ ஆறிய இடம் வலிக்கும். நான் இதற்காக இரண்டு முறை இதயப் பரிசோதனை செய்துகொண்டேன். (செய்தது தப்பில்லை. நெஞ்சுவலி வந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டிலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்த பிறகும் மூன்றாவதற்கு நேரம் வாங்கியதுதான் தப்பு.)

'அந்தத் திருப்பத்தில் மெதுவாகப் போயிருந்தால்', 'அன்றைக்குக் கிளம்பாமலே இருந்திருந்தால்' என்று மணிக்கணக்கில் ஓடுவது இதிலெல்லாம் சேராது. அது அசைபோடுதல். நினைவு தானாக வருகிறது, அசைபோடுவது நாம் செய்கிறது. கீழே வரும் இரண்டாவது படி அசைபோடுதலுக்கு அவ்வளவாக உதவாது. எழுந்து கையால் செய்கிற வேலை ஒன்றைத் தொடங்குவதுதான் எனக்குக் கைகொடுத்தது.

ஏன் இப்படி வருகிறது? சாதாரண நினைவு ஒவ்வொன்றையும் எங்கே, எப்போது என்பதோடு சேர்த்துக் கட்டி வைப்பது மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. உயிர் போகிற பயத்தில், ஆபத்தை உணரும் அமிக்டலா முழுவீச்சில் ஓடும்போது இந்தக் கட்டும் வேலை சரியாக நடப்பதில்லை என்பது ஆய்வாளர்கள் பலர் சொல்லும் விளக்கம். வாசனை, சத்தம், உடம்பின் நிலை எல்லாம் பலமாகப் பதிந்துவிடும், தேதி மட்டும் பதியாது. தேதி இல்லாத கடிதம் கையில் கிடைத்த மாதிரி, மூளை அதை இன்றைக்கு வந்ததாக எடுத்துக்கொள்கிறது. எனக்குப் பலித்தது எல்லாமே ஏதோ ஒரு வழியில் அந்தக் கடிதத்துக்குத் தேதி போட்ட வேலைதான்.

இது பைத்தியம் இல்லை, கோழைத்தனமும் இல்லை. உலக மக்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் இப்படி ஒரு அதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மன உளைச்சல்) என்ற நோயாக அது நிலைப்பது அவர்களில் 5.6 சதவீதம் பேருக்கு.

2. வரும் நேரத்தில்: முதல் ஐந்து நிமிடம்

வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்துங்கள். அடுப்பில் வேலை என்றால் அணையுங்கள். இதற்குக்கூட முடியாத அளவு வேகமாக வருகிறது என்றால், கட்டுக்குள் வரும்வரை இந்த இரண்டையும் தனியாகச் செய்யாதீர்கள்.

கண்ணைத் திறந்து வையுங்கள். மூடத்தான் தோன்றும். மூடினால் திரை முழுக்க அந்தப் படத்துக்குக் கிடைத்துவிடும். பாதத்தைத் தரையில் அழுத்துங்கள், செருப்பைக் கழற்றினால் இன்னும் நல்லது. பிறகு வாய்விட்டுச் சொல்லுங்கள், முணுமுணுப்பாக இருந்தாலும் சரி: இன்று என்ன தேதி, என்ன கிழமை, நான் எந்த அறையில் இருக்கிறேன், எனக்கு இப்போது என்ன வயது. 'இது ஃபிளாஷ்பேக். அது நடந்தது அன்றைக்கு. இப்போது நடப்பது ஞாபகம்.' சின்ன வயதில் நடந்ததற்கு வயதைச் சொல்வது முக்கியம். ஏழு வயதில் ஓட முடியாத காலால் இன்று எழுந்து கதவைத் திறந்து வெளியே போக முடியும்.

மனசுக்குள் சொன்னால் போதாதா என்று நானும் கேட்டேன். சொல்லிப் பார்த்தேன், எனக்குப் போதவில்லை. சொந்தக் குரல் காதில் விழுந்தபோதுதான் கொஞ்சம் தரை தட்டுப்பட்டது.

அடுத்து, கண்ணில் படும் ஐந்து, தொட முடிகிற நான்கு, கேட்கிற மூன்று, முகரக்கூடிய இரண்டு, நாக்கில் தெரியும் ஒரு ருசி என்று எண்ணுகிற பயிற்சி. எல்லோரும் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் பொத்தாம்பொதுவாகச் செய்தால் மந்திரம் மாதிரி ஆகிவிடும். 'நாற்காலி' என்று தாண்டாமல், 'நாற்காலி, பச்சை, இடது கைப்பிடியில் தையல் பிரிந்திருக்கிறது' என்று பாருங்கள். பிரிந்த தையலைப் பார்க்க இங்கே இருந்தாக வேண்டும். உங்களுக்கு நடந்ததில் ஒரு வாசனை சம்பந்தப்பட்டிருந்தால் முகர்வதைத் தாராளமாக விட்டுவிடலாம். நான் விட்டுவிட்டேன்.

மூச்சு விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. 'ஆழமா மூச்சு இழு' என்பார்கள். பயத்தில் ஏற்கெனவே வேகமாக மூச்சு வாங்குகிறவர் இன்னும் இன்னும் இழுத்தால் தலை சுற்றும், விரல் மரக்கும், பயம் கூடும். இழுப்பதை மறந்துவிட்டு விடுவதை நீட்டுங்கள். நான்கு எண்ணும்வரை இழுத்தால் ஆறு எண்ணும்வரை விடுங்கள். மூச்சைக் கவனித்தாலே மோசமாகிறது என்றால் (மூச்சு முட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது நடக்கும்) இந்தப் பக்கமே வர வேண்டாம். முகத்தில் குளிர்ந்த நீர் தெளிப்பது, ஐஸ் கட்டியைக் கையில் பிடிப்பது போன்றவை இருக்கின்றன. இதயக் கோளாறு இருப்பவர்கள் முகத்தைக் குளிர்ந்த நீருக்குள் முக்குவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள், அது இதயத் துடிப்பைக் குறைக்கும்.

முடிந்த பிறகு ஓடி வந்தவர் மாதிரி களைப்பாக இருக்கும். தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்த வேலைக்கு உடனே பாய்ந்தால் அன்றைக்கே இரண்டாவது வரக்கூடும். எனக்குப் பல தடவை வந்திருக்கிறது.

இன்னொன்று, இதையெல்லாம் நன்றாக இருக்கும் நேரத்தில் பழக வேண்டும். தினம் இரண்டு முறை, ஐந்து ஐந்து நிமிடம். தண்ணீரில் விழுந்த பிறகு நீச்சல் கற்க முடியாது.

3. சட்டைப் பையில் ஒரு அட்டை

போனில் எழுதி வைத்தால் போதும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் போனின் பூட்டைத் திறக்கக்கூட விரல் ஒத்துழைக்காது. ஒரு காகித அட்டை, பெரிய எழுத்து, ஐந்தாறு வரி. 'இது ஃபிளாஷ்பேக். முடிந்துவிடும்.' நடந்த ஆண்டு, இப்போதைய ஆண்டு. அன்றைக்கு இல்லாத, இன்றைக்கு இருக்கிற ஒரு பொருள். அழைக்க வேண்டிய இரண்டு பேரின் எண். பின்பக்கம், அருகில் இருப்பவருக்காக: 'எனக்கு ஆபத்தில்லை. தொடாதீர்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், இன்றைய தேதியைச் சொல்லுங்கள்.' செலவு ஒன்றுமில்லை. 14 மாதத்தில் நான் செய்ததிலேயே உருப்படியான முதல் வேலை இதுதான்.

4. இரண்டு வாரக் குறிப்பேடு

டாக்டரைப் பார்க்கும் முன்பே இதைத் தொடங்குங்கள். ஒவ்வொரு முறை வந்து போனதும் ஒரு வரி: தேதி, நேரம், எங்கே இருந்தீர்கள், அதற்குச் சற்று முன் என்ன பார்த்தீர்கள், கேட்டீர்கள், உடம்பு எந்த நிலையில் இருந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எவ்வளவு கடுமை என்று பத்துக்கு எத்தனை, என்ன செய்ததும் குறைந்தது.

கவனம்: நடந்த சம்பவத்தை இதில் எழுத வேண்டாம். நான் முதல் வாரம் இரவு பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து விபத்தை ஐந்து பக்கம் எழுதினேன். விடியும்வரை தூங்கவில்லை. சம்பவத்தை எழுதுவது சிகிச்சையில் ஒரு பகுதியாக வரலாம், அதற்கு உடன் ஆள் வேண்டும்.

எனக்குக் காரணமே இல்லாமல் வருகிறது என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். ரோடு இல்லை, வண்டி இல்லை, அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது வருகிறதே! பதினொன்றாம் நாள் குறிப்புகளைப் புரட்டினால், ஆறில் நான்கு கூட்ட அறையில். அந்த நான்கிலும் எதிரே உட்கார்ந்திருந்தது ஒரே ஆள். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அடுத்த கூட்டத்தில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். யோசிக்கும்போது பால்பாயின்ட் பேனாவின் தலையை அமுக்கி அமுக்கி விடுவார். டிக், டிக். டிக், டிக்.

கவிழ்ந்த காரில் இண்டிகேட்டர் அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இருட்டில் கேட்ட ஒரே சத்தம் அதுதான். எனக்கே மறந்துபோயிருந்தது.

தூண்டுவது எது என்று தெரிந்ததும் அதை விட்டு ஓடக் கூடாது. இதுதான் இந்தப் படியின் முக்கியமான விஷயம். அன்றைக்கும் இன்றைக்கும் என்ன ஒற்றுமை, என்ன வித்தியாசம் என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். ஒற்றுமை ஒரே வரி: டிக் சத்தம். வித்தியாசம் எழுத எழுத நீண்டது. பேனா சத்தம் ஒழுங்கற்றது, அவர் யோசித்து முடித்ததும் நிற்கும். அறையில் வெளிச்சம் இருக்கிறது. நான் நேராக உட்கார்ந்திருக்கிறேன். கதவு திறந்திருக்கிறது. அப்புறம் நானே ஒரு பேனா வாங்கி வீட்டில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன், அமுக்குவதும் நிறுத்துவதும் என் கையில். முதல் நாள் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. மூன்று வாரத்தில் அது வெறும் பேனாவாகிவிட்டது. இப்படித் தொட்டுப் பார்ப்பதை லேசானதில் மட்டும் தனியாகச் செய்யலாம். பத்துக்கு ஐந்துக்கு மேல் போவதைத் தெரபிஸ்ட் துணையோடு செய்யுங்கள்.

5. செய்யக் கூடாதவை, நான் செய்தவை

'மறந்துடு' என்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலில் அடக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. கரடிக்கே இப்படி.

நினைவு வந்தால் கதவைப் பிடித்துத் தள்ளாமல், உள்ளே விடவும் செய்யாமல், 'சரி, வந்திருக்கிறது' என்று கவனித்துவிட்டு கையில் இருந்த வேலைக்குத் திரும்புவதுதான் பழக வேண்டியது. சொல்ல எளிது. எனக்கு மாதக்கணக்கில் பிடித்தது.

இரண்டாவது, சுற்றிப் போவது. முதலில் அந்தச் சாலை, பிறகு அந்தப் பக்கத்துச் சாலைகள், பிறகு இரவுப் பயணம், பிறகு கார். ஒவ்வொன்றும் அன்றைக்கு நிம்மதி தந்தது. எட்டாவது மாதம் பார்த்தால் நான் போகிற இடம் மூன்றுதான்.

குடி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும், மறுநாள் நினைவு இரட்டிப்பாக வரும்.

6. எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்

நடந்து ஒரு மாதம் ஆகவில்லை என்றால், நினைவு வருவதும் தூக்கம் கெடுவதும் பெரும்பாலோருக்குத் தானாகவே குறையும். இந்த நாட்களில் வேளைக்குச் சாப்பாடு, தூக்கம், நம்பிக்கையானவர்கள் பக்கத்தில், இவ்வளவு போதும். சம்பவம் நடந்த சூட்டில், பேச விருப்பமில்லாதவரை உட்கார வைத்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைப்பதைச் சிகிச்சை வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை. பலன் இல்லை, சிலருக்குக் கெடுதல். பேசத் தோன்றினால் பேசுங்கள். தோன்றாவிட்டால் யாருக்கும் கடன்படவில்லை.

ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை, வேலையோ உறவோ தூக்கமோ கெடுகிறது என்றால் நேரம் வாங்குங்கள். பிடிஎஸ்டி என்று முடிவு செய்ய அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து முழு வீச்சில் தெரிய வருவதும் உண்டு, எனவே 'இவ்வளவு நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது என்ன' என்று தயங்க வேண்டாம். இருபது ஆண்டு ஆனதற்கும் இதே சிகிச்சைகளைத்தான் தருகிறார்கள்.

நேரம் வாங்கும் முன், பிடிஎஸ்டி அறிகுறிகளை அளக்கும் பிசிஎல்-5 என்ற கேள்வித்தாளை நிரப்பிப் பாருங்கள். இலவசம். 20 கேள்விகள், கடந்த ஒரு மாதத்தைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. மொத்தம் 80க்கு 31 முதல் 33 வரையோ அதற்கு மேலோ வந்தால் முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று அர்த்தம். நோய் என்று அதுவே தீர்ப்புச் சொல்லாது, குறைந்த மதிப்பெண் வந்தால் ஒன்றுமில்லை என்றும் ஆகாது.

காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. சாவு பற்றிய எண்ணம், தன்னைக் காயப்படுத்துவது, மணிக்கணக்கில் என்ன செய்தோம் என்றே நினைவில்லாமல் போவது, குடியோ மாத்திரையோ இல்லாமல் நாள் நகராதது. ஒரு மாதக் கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது.

7. யாரிடம் போவது, போனில் என்ன கேட்பது

நான் முதலில் போன ஆலோசகர் முதல் நாளே 'நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்' என்றார். சொன்னேன். உச்சத்தில் இருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து, 'நேரமாயிற்று, அடுத்த வாரம் தொடரலாம்' என்றார். தெருவில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் போகவில்லை, அதற்கடுத்த ஐந்து மாதம் யாரிடமும் போகவில்லை. அவர் கெட்டவர் இல்லை, இந்த வேலையில் பயிற்சி இல்லாதவர். எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

அதனால் நேரம் வாங்கும்போதே கேளுங்கள். மன அதிர்ச்சிக்கான சிகிச்சையில் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா, எந்த முறை? ஒரு அமர்வு எத்தனை நிமிடம்? மொத்தம் எத்தனை இருக்கலாம்? ஒவ்வொரு அமர்வின் கடைசியிலும் நான் நிலைக்கு வர என்ன செய்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

முறைகளில் நிரூபணம் அதிகம் உள்ளவை சில. மன அதிர்ச்சியை மையப்படுத்திய சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பழகும் பேச்சுச் சிகிச்சை), பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள். அதன் ஒரு வகையான சிபிடி என்றே சுருக்கப்படும் 'அறிவாக்கச் செயல்முறைச் சிகிச்சை' சுமார் 12. (இரண்டுக்கும் தமிழில் ஒரே சுருக்கம் வந்து தொலைக்கிறது, எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.) பாதுகாப்பான சூழலில் நினைவை மறுபடி மறுபடி சொல்லிப் பழகும் நீடித்த எதிர்கொள்ளல், 8 முதல் 15, ஒன்றரை மணி வரை போகும். நினைவை மனதில் வைத்தபடி தெரபிஸ்ட்டின் விரல் அசைவைக் கண்ணால் தொடரும் இஎம்டிஆர், அதுவும் பெரும்பாலும் 8 முதல் 12. எனக்குச் செய்தது இஎம்டிஆர். கேள்விப்பட்டபோது கண்கட்டு வித்தை என்றுதான் நினைத்தேன். நான்காவது அமர்வில் காருக்குள் இருந்த நான் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதுபோல் ஆனேன், சத்தம் தூரமாயிற்று. உங்களுக்கு வேறு முறை பொருந்தலாம்.

வருடக்கணக்கில் தொடர்ந்து நடந்த கொடுமை என்றால் அதனால் வருவதைச் சிக்கலான பிடிஎஸ்டி என்று தனியாக வகைப்படுத்துவதுண்டு. அமர்வுகள் கூடும், நிலைப்படுத்தும் வேலைக்கே பல வாரம் ஒதுக்குவார்கள். தாமதமாகிறதே என்று பதற வேண்டாம்.

நடுவில் இரண்டு மூன்று வாரம் மோசமாவது சகஜம். மூடியிருந்ததைத் திறக்கும்போது அப்படித்தான். அங்கேதான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவதென்றால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், வேகத்தைக் குறைக்க வழி இருக்கும்.

8. கொண்டுபோக வேண்டிய காகிதங்கள்

முதல் சந்திப்பில் வாய் அடைத்துப்போகும், அதனால் காகிதம் பேசட்டும். குறிப்பேட்டின் இரண்டு வாரப் பக்கங்கள். நிரப்பிய பிசிஎல்-5. சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரும் அளவும், கடையில் தானாக வாங்கும் தூக்க மாத்திரை உட்பட. தலையில் அடிபட்டிருந்தால் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கம் கட்டாயம், மறதியும் எரிச்சலும் அதனாலும் வரும். அப்புறம் அரைப் பக்கத்தில் ஒரு கடிதம்: என்ன நடந்தது என்று இரண்டே வரி, இப்போது வாழ்க்கையில் எது கெட்டிருக்கிறது என்று ஐந்து வரி, என்ன உதவி வேண்டும் என்று ஒரு வரி. சொல்ல முடியாவிட்டால் அதை நீட்டிவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

வேலையிடத்தில் சலுகை வேண்டுமென்றால் (இடம் மாற்றி உட்கார, அமர்வு நாளில் சீக்கிரம் கிளம்ப) மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள். சம்பவ விவரமோ நோயின் பெயரோ இல்லாமல், தேவையை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். வழக்கோ இழப்பீட்டுக் கோரிக்கையோ நடந்துகொண்டிருந்தால், சிகிச்சைக் குறிப்புகளை யார் கேட்டுப் பெற முடியும் என்று வழக்கறிஞரிடமும் தெரபிஸ்ட்டிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

9. செலவைக் கணக்குப் போடுங்கள்

ஒரு அமர்வின் கட்டணத்தைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். அதோடு முதல் பரிசோதனைக் கட்டணம், போக்குவரத்து, அரைநாள் விடுப்பு. அந்தத் தொகை கைக்கு மீறியது என்றால் ஆறு அமர்வுக்குப் பணம் வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். திறந்த புண்ணைப் பாதியில் விட்ட கதையாகிவிடும். வருமானத்துக்கு ஏற்ற கட்டணம் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், பலர் சில இடங்களை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருப்பார்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, பல்கலைக்கழகத்தில் மேற்பார்வையோடு பயிற்சி பெறுகிறவர்கள் நடத்தும் மையம், குழுச் சிகிச்சை ஆகியவை செலவைக் குறைக்கும், காத்திருப்பைக் கூட்டும். அதனால் பெயரை இன்றே பதிந்துவிட்டுக் காத்திருங்கள். கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் பணம் பிடிப்பார்களா என்றும் கேளுங்கள். நான் கேட்கவில்லை, இரண்டு முறை கட்டினேன்.

10. மருந்து

பேச்சுச் சிகிச்சையோடு சேர்த்தோ தனியாகவோ மனநல மருத்துவர் மருந்து எழுதலாம். பெரும்பாலும் செர்ட்ராலின், பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் போன்றவை. பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம், சிலருக்கு இன்னும் கூட. முதல் வாரங்களில் குமட்டல், தூக்கக் கோளாறு வந்து, 'இது ஒத்துவரவில்லை' என்று தோன்றும். எண்ணங்கள் மோசமானால் உடனே சொல்லுங்கள். நன்றாக ஆனதும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். டயாஸெபம், அல்பிரஸோலம் வகை மாத்திரைகள் அந்த நேரத்துக்கு அமைதி தரும். பிடிஎஸ்டிக்கு அவற்றைப் பரிந்துரைப்பதில்லை, பழக்கமாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. தெரிந்தவர் கொடுத்தார் என்று வாங்கிப் போடாதீர்கள்.

11. இரவு

கெட்ட கனவில் விழித்தால் விளக்கைப் போடுங்கள், எழுந்து நில்லுங்கள், தேதியைச் சொல்லுங்கள். படுத்தபடியே தூங்க முயன்றால் கனவு விட்ட இடத்தில் தொடரும். ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தால் கனவை மாற்றி எழுதும் பயிற்சி உண்டு: பகலில் உட்கார்ந்து, முடிவை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றி எழுதி, அந்தப் புதிய வடிவத்தைத் தினம் 10 முதல் 20 நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. என் கனவில் காரின் கதவு திறக்கும், நான் இறங்கி நடந்துபோவேன். சில வாரத்தில் கனவு வருவது குறைந்தது. முடிவு நம்பும்படியாக இருக்க வேண்டியதில்லை, ஒருமுறை காரை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

12. வீட்டில் இருப்பவரிடம் இதைக் காட்டுங்கள்

அவருக்கு வந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து தொடாதீர்கள். அவர் பார்வையில் படும்படி, கொஞ்சம் தள்ளி நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். 'இது நான். நாம் வீட்டில் இருக்கிறோம். இன்றைக்கு செவ்வாய்க்கிழமை.' கேள்வி கேட்காதீர்கள், 'என்ன பார்த்த?' என்பதுதான் மோசமான கேள்வி. முடிந்ததும் தண்ணீர் கொடுங்கள். அன்றிரவே அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

13. நாள்காட்டியில் ஒரு குறி

சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கும்போது சம்பவம் நடந்த தேதி நெருங்கும். உங்களுக்கு நினைவில்லாவிட்டாலும் உடம்புக்கு நினைவிருக்கும், ஒரு வாரம் முன்பே தூக்கம் கெடும். பழையபடி ஆகிவிட்டது என்று பயந்து போவீர்கள். அந்தத் தேதிக்குப் பத்து நாள் முன்னால் நாள்காட்டியில் குறித்து வைத்து, அட்டையைப் புதுப்பித்து, தெரபிஸ்ட்டிடம் ஒரே ஒரு அமர்வுக்கு நேரம் வாங்கி வையுங்கள். என் அட்டையில் ஆண்டை இதுவரை மூன்று முறை அடித்துத் திருத்தியிருக்கிறேன். போன முறை திருத்தியது அதே கூட்ட அறையில், எதிரே இருந்தவரிடம் பேனா கடன் வாங்கி.